ஆன்லைனில் தங்கும் அறை பதிவு செய்வது எப்படி: பணம் கட்டும் முன்பும் பின்பும் கவனிக்க வேண்டியவை

சென்னை தண்டையார்பேட்டையில் அக்கம்பக்கத்தாருக்கு ரயில் டிக்கெட்டும் தங்கும் அறையும் பதிவு செய்து தரும் வேலையில் இருக்கிறேன். சொந்தமாகப் பதிவு செய்யக் கற்றுக்கொள்ள வருபவர்களையும், வேறு எங்கோ பணத்தைக் கட்டி ஏமாந்துவிட்டு வருபவர்களையும் தொடர்ந்து பார்க்கிறேன். ஏமாந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறியிருக்கிறார்கள். அறை கைநழுவிவிடுமோ என்ற பதற்றத்தில் முதலில் அட்வான்ஸை அனுப்பிவிட்டு, அதன் பிறகு லாட்ஜைப் பற்றி விசாரிக்கிறார்கள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

1. தேடத் தொடங்கும் முன் தாளில் எழுத வேண்டியவை

எந்த நாள், எத்தனை இரவு, பெரியவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுடைய வயது என்ன, ஒரு இரவுக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவிட முடியும் என்பவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திரையைப் பார்த்தபடி இவற்றை முடிவு செய்தால், தள்ளுபடி விளம்பரங்கள் நம் முடிவை மாற்றிவிடும்.

ஊருக்குப் போய்ச் சேரும் மணியையும் எழுதுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். வேளாங்கண்ணிக்குச் செல்லும் காசிமேடு, ராயபுரம் குடும்பங்கள் எழும்பூரில் இரவு ரயிலேறி, விடியும் முன்பே நாகப்பட்டினத்தில் இறங்குவது வழக்கம். ஏழாம் தேதி இரவு கிளம்பினால் எட்டாம் தேதி அதிகாலையில் அறை வேண்டும். ஆனால் எட்டாம் தேதி என்று பதிவு செய்தால், பல விடுதிகளில் அன்று பகல் 12 மணிக்கு மேல்தான் அறையைத் தருவார்கள். அதுவரை மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் வரவேற்பறையில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஏழாம் தேதியிலிருந்தே பதிவு செய்து, அதிகாலையில் வருவதாக முன்கூட்டியே விடுதிக்குச் சொல்லி வைக்கலாம். நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடும் லாட்ஜைத் தேடலாம். நம் ஊர்களில் இப்படிப்பட்ட லாட்ஜுகள் நிறைய உள்ளன. அல்லது, சீக்கிரம் நுழையக் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். எந்த வழியானாலும் பணம் கட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், ஏனெனில் பதிவான தேதியை மாற்றுவதற்குப் பெரும்பாலும் ரத்துக் கட்டணம் பிடிப்பார்கள்.

இன்னொரு முன்னேற்பாடும் தேவை. சம்பளமோ சேமிப்போ இருக்கும் கணக்கை யூபிஐயில் இணைத்து, அதிலிருந்தே எல்லா இடங்களிலும் பணம் கட்டுவதை நிறுத்துங்கள். இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கி, அறைக்குத் தேவையான தொகையை மட்டும் அதற்கு மாற்றி, அங்கிருந்து கட்டுங்கள். ஏமாற்று நடந்தாலும் இழப்பு அந்தத் தொகையோடு நின்றுவிடும்.

2. எந்த வழியாகப் பதிவு செய்வது என்று தீர்மானித்தல்

அரசு, கோயில், ரயில்வே அறைகளை முதலில் பாருங்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ விடுதிகள் ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மாமல்லபுரம், ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் உள்ளன. அவற்றின் பதிவு ‘டிடிடிசிஆன்லைன் டாட் காம்’ தளத்தில் நடக்கிறது. திருமலையில் தங்குவதற்குத் தேவஸ்தானத்தின் அதிகாரபூர்வத் தளம் ‘டிடிதேவஸ்தானம்ஸ் டாட் ஏபி டாட் கவ் டாட் இன்’ என்பதாகும். ரயில் நிலைய ஓய்வறைகளை ஐஆர்சிடிசி வழியாகப் பதிவு செய்யலாம். அதற்குப் பயணச் சீட்டின் பிஎன்ஆர் எண் தேவை. ஒரு பகல் மட்டும் குளித்து, ஓய்வெடுத்துத் திரும்புபவர்களுக்கு இந்த ஓய்வறையே போதும் என்பது என் கருத்து.

அடுத்தது மேக்மைட்ரிப், கோஐபிபோ, அகோடா, புக்கிங் டாட் காம் போன்ற இடைத்தரகுச் செயலிகள். பணம் செயலிக்குள்ளேயே கட்டப்படுவதும், பதிவுக்கு எண் கிடைப்பதும், சிக்கல் வந்தால் முறையிட ஓரிடம் இருப்பதும் இவற்றின் நன்மைகள். செயலியை ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் நிறுவக் கூடாது. நம் போனுக்கு வரும் ஓடிபியை வேறொருவர் படிக்க அது வழி திறந்துவிடும்.

மூன்றாவது வழி, லாட்ஜுக்கே போன் செய்து நேரடியாகப் பதிவு செய்வது. சில நேரங்களில் இதில் விலை குறையும். ஆனால் மூன்று வழிகளிலும் ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான், ஏனெனில் எதிர்முனையில் பேசுபவர் யார் என்பதற்கு அவருடைய குரலைத் தவிர வேறு சான்று இல்லை. நான்காவது படியை முழுமையாகச் செய்யாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

3. தேடல் முடிவுகளைப் படிக்கும் முறை

லாட்ஜின் பெயரைக் கூகுளில் தட்டினால் முதலில் வருவது அந்த லாட்ஜின் தளம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மேலே வரும் சில முடிவுகள் காசு கொடுத்துப் போடப்பட்ட விளம்பரங்கள். ‘ஸ்பான்சர்டு’ என்று சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். மோசடிக்காரரும் காசு கொடுத்து விளம்பரம் போடலாம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், யாத்ரீகர்களைக் குறிவைத்து அறை, ஹெலிகாப்டர் பதிவு என்ற பெயரில் நடக்கும் மோசடிகளைப் பற்றி 2025 ஏப்ரலில் எச்சரித்தபோது, போலித் தளங்களோடும் ஃபேஸ்புக் பதிவுகளோடும் தேடுபொறி விளம்பரங்களையும் சேர்த்தே குறிப்பிட்டது.

எனவே விளம்பரங்களைக் கடந்து கீழே செல்லுங்கள். தளத்தைத் திறந்ததும் மேலே உள்ள முகவரியை முழுமையாகப் படியுங்கள். தொடக்கத்தில் ‘எச்டிடிபிஎஸ்’ என்பதும் இரண்டு சாய்கோடுகளும் தெரிந்தால் அவற்றை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வலது ஓரத்தில் ‘கவ் டாட் இன்’ என்று முடிந்தால் அது அரசுத் தளம்; அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. கோயிலின் பெயரோடு ‘ரூம்ஸ்’, ‘புக்கிங்’, ‘ஆன்லைன்’ போன்ற சொற்களை இடைக்கோடு போட்டு ஒட்டி, இறுதியில் ‘டாட் காம்’ என்றோ ‘டாட் இன்’ என்றோ முடிந்தால், அந்தப் பெயரைச் சில நூறு ரூபாய் கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம்.

முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுச் சின்னத்தை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. நம் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் செல்லும் தகவலை மூன்றாம் நபர் படிக்க முடியாது என்பதை மட்டுமே பூட்டு தெரிவிக்கிறது. தளத்தை நடத்துபவர் நேர்மையானவரா என்பதற்கும் பூட்டுக்கும் தொடர்பில்லை.

4. அந்த லாட்ஜ் உண்மையில் இருக்கிறதா என்று சோதித்தல்

இந்தப் படிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதைச் சார்ந்தே நிற்கின்றன.

மோசடிக்காரர்கள் பெரும்பாலும் இல்லாத லாட்ஜை உருவாக்குவதில்லை. பெயர்பெற்ற, உண்மையான லாட்ஜின் பெயரையும் படங்களையும் எடுத்துக்கொண்டு தங்கள் போன் எண்ணை மட்டும் போடுகிறார்கள். ஆகவே லாட்ஜ் உண்மையானதா என்ற கேள்வியோடு நிறுத்தாமல், நம் கையில் இருக்கும் எண் அந்த லாட்ஜினுடையதா என்றும் கேட்க வேண்டும். கூகுள் மேப்பில் காணப்படும் எண்ணை மட்டும் நம்புவதும் சரியல்ல, ஏனெனில் அங்குள்ள விவரத்தை மாற்றும்படி பொதுமக்களில் எவரும் பரிந்துரைக்க முடியும். அப்படி எண்கள் மாற்றப்பட்டதும் நடந்திருக்கிறது.

முதலில் எண்ணை இரண்டு தனித்தனி இடங்களிலிருந்து எடுங்கள். செயலியில் ஒன்று, லாட்ஜின் சொந்தத் தளத்தில் ஒன்று, முன்பு தங்கியவர்கள் வைத்திருக்கும் பில்லில் ஒன்று என்று ஏதாவது இரண்டு பொருந்த வேண்டும். நம் தெருவிலேயே அந்த ஊருக்குப் போய்வந்தவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் பழைய பில்லைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

தரைவழித் தொலைபேசி எண் இருந்தால் அதையே அழையுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக்கு 04365, ராமேஸ்வரத்துக்கு 04573, திருச்செந்தூருக்கு 04639, ஊட்டிக்கு 0423 என்று ஊருக்கு ஒரு குறியீடு உண்டு. குறியீடு பொருந்தும் எண்ணில் வரவேற்பறை ஊழியர் எடுத்துப் பேசினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கைப்பேசி எண் மட்டும் கொடுத்து, அழைத்தால் எடுக்காமல், வாட்ஸ்அப்பில் மட்டும் பதில் அனுப்புபவரை விட்டுவிடுவது நல்லது.

போனில் பேசும்போது, அந்த இடத்தில் இருப்பவருக்கு மட்டுமே தெரிந்த விவரங்களைக் கேளுங்கள். பேருந்து நிலையத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எதிரில் என்ன கடை இருக்கிறது, லிஃப்ட் உண்டா, வயதானவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை தருவீர்களா என்று கேட்கலாம். உண்மையான ஊழியர் யோசிக்காமல் பதில் சொல்வார். “அதெல்லாம் வந்து பாத்துக்கலாம் சார், முதல்ல அட்வான்ஸ் போட்டு ரூமைப் பிடிச்சுக்குங்க, நாலு பேர் லைன்ல இருக்காங்க” என்று பேச்சைப் பணத்துக்கே திருப்பினால், அத்துடன் அழைப்பை முடித்துக்கொள்ளுங்கள்.

படங்களையும் சோதிக்கலாம். அறையின் படத்தைக் கூகுள் லென்ஸில் கொடுத்தால், அதே படம் வேறு ஊரின் விடுதிப் பெயரில் வருகிறதா என்று தெரியும். லாட்ஜ் வெளியிட்ட படங்களைவிட, தங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். குறிப்பாகக் குளியலறை, படிக்கட்டு, வாசல் ஆகியவற்றின் படங்கள் உண்மை நிலையைக் காட்டும். மேப்பில் வீதிக் காட்சி இருந்தால் வாசல் பெயர்ப் பலகையைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

விமர்சனங்களைப் புதியவை முதலில் வருமாறு அடுக்கிப் படியுங்கள். ஐந்து நட்சத்திரங்களையும் ஒரு நட்சத்திரத்தையும் தாண்டி மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதில்தான் பயன்படும் செய்தி கிடைக்கும்: தண்ணீர் எப்போது வரும், சத்தம் எப்படி, பணத்தைத் திருப்பித் தந்தார்களா என்பவை அதில் இருக்கும். ஒரே வாரத்தில், ஒரே விதமான சொற்களில் பல பாராட்டுகள் குவிந்திருந்தால் அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். அது எண்களும் எழுத்துகளும் கலந்து 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டும் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளத்துக்கு 32. ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில், கணக்கு இல்லாமலே அந்த எண்ணை இட்டுப் பதிவுபெற்ற பெயரையும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதையும் பார்க்கலாம். ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாய்க்குக் குறைவான சிறிய லாட்ஜுக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. ஆகவே எண் இல்லாததால் மட்டும் ஒருவரை மோசடிக்காரர் என்று முடிவு கட்டக் கூடாது. அதுபோல, உண்மையான எண்ணை நகலெடுத்துப் போலித் தளத்தில் ஒட்டுவதும் எளிது. பெயர் பொருந்தாவிட்டால் விலகிக்கொள்ளவே இந்தச் சோதனை உதவும்.

சென்னைக்கு வரும் உறவினருக்கு அறை எடுக்கும்போது இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். வண்ணாரப்பேட்டை அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்கு வருபவருக்காக ‘சென்னை’ என்று மட்டும் தேடினால் தொலைவிலுள்ள பழைய மகாபலிபுரம் சாலை விடுதிகள்கூட மலிவாக முன்னால் வந்து நிற்கும். செயலி காட்டும் தூரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மேப்பில் வழியைப் போட்டுப் பாருங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுவதால், சென்ட்ரல் அருகிலோ மண்ணடியிலோ அறை எடுத்தாலும் வண்ணாரப்பேட்டைக்கு எளிதில் வந்துவிடலாம். உள்ளூர் முகவரி உள்ள அடையாள அட்டையை ஏற்பதில்லை என்று சில விடுதிகள் விதி வைத்திருக்கின்றன. தங்குபவர்களில் ஒருவர் சென்னைவாசியாக இருந்தால் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

5. விலையையும் ரத்து விதியையும் படித்தல்

முதல் பக்கத்தில் தெரியும் விலை இறுதி விலை அல்ல. ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்ட வாடகைக்கு 18 விழுக்காடு. 1,800 ரூபாய் அறைக்கு வரி 90 ரூபாய்தான் வர வேண்டும். திரையில் ‘வரிகளும் கட்டணங்களும்’ என்று ஒரே வரியில் 350 ரூபாய் காட்டினால், மீதி செயலியின் சேவைக் கட்டணம் என்று பொருள். அந்த வரியைத் தொட்டு விரித்துப் பார்த்து, இரண்டு செயலிகளின் இறுதித் தொகைகளை ஒப்பிடுங்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் காப்பீடு, நன்கொடை போன்றவற்றுக்கு முன்கூட்டியே டிக் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ‘இன்னும் ஒரே அறைதான் மிச்சம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, விலையைப் படிப்படியாக ஏற்றிக் காட்டுவது ஆகிய மூன்றையும், நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு எதிராக 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்து இவற்றைப் பற்றிப் புகார் தரலாம்.

ரத்து விதியில் தேதியோடு மணியையும் படிக்க வேண்டும். ‘இலவச ரத்து’ என்று பச்சை எழுத்தில் இருந்தாலும், அது வருகைக்கு 24 மணி நேரம் முன்பு வரையா, மூன்று நாள் முன்பு வரையா என்பது அறைக்கு அறை மாறும். நூறு, இருநூறு ரூபாய் குறைகிறதே என்று திரும்பப் பெற முடியாத வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் முழுத் தொகையையும் இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்கள் ரத்து செய்யக்கூடிய வகையையே எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கூட்ட நாட்களில் தனிக் கவனம் தேவை. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரையிலும், திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தின்போதும் வாடகை பல மடங்கு ஏறும். அந்த நாட்களில் வழக்கமான வாடகைக்கு அறை தருகிறேன் என்று ஒருவர் தாமாகவே முன்வந்தால், அந்தக் குறைந்த விலையையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் செல்ல 2024 மே மாதம் முதல் இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வேண்டும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. அறையோடு சேர்த்து இ-பாஸுக்கும் பணம் கேட்பவரிடம் பேச்சைத் தொடர வேண்டாம்.

6. பணம் கட்டும் திரையில் நிதானிக்க வேண்டிய இடங்கள்

‘விடுதியில் செலுத்துக’ என்ற வாய்ப்பு இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால், செயலிக்குள் கிரெடிட் கார்டில் கட்டுவது அடுத்த நல்ல வழி. சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் முறையிட்டு அந்தத் தொகையைத் திரும்பக் கோரும் நடைமுறை கார்டில் உண்டு. தனிநபர் கணக்குக்கு யூபிஐயில் நாமே அனுப்பிய பணத்துக்கு அப்படிப்பட்ட எளிய வழி இல்லை.

நேரடிப் பதிவில் யூபிஐதான் வழி என்றால், அவர்கள் அனுப்பும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் தொகையைத் தட்டும் முன்பு, திரையில் தோன்றும் பெயரைப் படியுங்கள். வங்கியில் பதிவான பெயர் அங்கே வரும். லாட்ஜின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வந்தால் சரி. யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, தரைவழி எண்ணை மீண்டும் அழைத்து அவர் யார் என்று கேளுங்கள். சிறிய லாட்ஜில் உரிமையாளரின் பெயர் வருவது இயல்புதான். ஆனால் அதை உறுதி செய்ய வேண்டியவர் வரவேற்பறை ஊழியரே தவிர, க்யூஆர் கோடை அனுப்பியவர் அல்ல.

முழு வாடகையையும் முன்பே கட்ட வேண்டாம். ஒரு இரவு வாடகையோ அதில் ஒரு பகுதியோ அட்வான்ஸாகப் போதும்.

அடிக்கடி நடக்கும் இரண்டு ஏமாற்றுகளை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் படித்தவர்களும் இவற்றில் விழுகிறார்கள். முதலாவது, தொகைக் கட்டத்தில் நடப்பது. இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கேட்டவர் போனை வைக்காமல் பேசிக்கொண்டே, “ரூம் கன்ஃபர்ம் பண்ண ஒரு கோடு சொல்றேன், அதை அடிங்க மேடம்: இரண்டு, எட்டு, ஆறு, ஐந்து, நாலு” என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வார். கேட்பவர் அதைப் பதிவு எண் என்று நினைத்துத் தட்டுவது தொகைக் கட்டத்தில்தான். அடுத்து யூபிஐயின் ரகசிய ‘பின்’ எண்ணை இட்டதும் 28,654 ரூபாய் கணக்கிலிருந்து போய்விடும். யூபிஐயில் எந்தக் கோடும் தொகைக் கட்டத்தில் வராது. பணம் கட்டும்போது எவருடனும் போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, தொகையை வாய்விட்டுப் படித்த பிறகு ‘பின்’ எண்ணை இடுங்கள்.

இரண்டாவது, திருப்பித் தருகிறேன் என்ற ஏமாற்று. நாம் 5,000 ரூபாய் அனுப்பிய பிறகு, “சார், சிஸ்டத்துல 5,001 வந்தாத்தான் ஏத்துக்கும். இன்னொரு தடவை 5,001 போடுங்க, முதல்ல போட்டது தானா திரும்பி வந்துடும்” என்பார்கள். போட்டவுடன் வேறொரு காரணம் வரும். முன்பு கட்டிய பணத்தை மீட்கும் ஆசையில் மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே போவார்கள். எந்த உண்மையான விடுதியும் இரண்டாம் முறை கட்டச் சொல்லாது. முதல் முறையே சந்தேகம் வந்தால் பத்தாவது படிக்குச் செல்லுங்கள்.

பணம் பெறுவதற்கு யூபிஐ ‘பின்’ எண் தேவையில்லை. ‘பின்’ எண் கேட்கப்பட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்று பொருள். கார்டில் கட்டும்போது வரும் ஓடிபி செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல், தொகையும் நிறுவனத்தின் பெயரும் உள்ள முழு வரியையும் படியுங்கள். கார்டின் இருபுறப் படத்தையும் வாட்ஸ்அப்பில் கேட்கும் விடுதிக்கு, அது உண்மையான விடுதியாகவே இருந்தாலும், தரக் கூடாது.

7. உறுதிச் செய்தி வந்த பிறகு

பணம் கட்டியதும் பதிவு எண், பெயர், தேதி, அறை வகை, கட்டிய தொகை, பாக்கித் தொகை, ரத்து விதி ஆகியவை உள்ள வவுச்சரை ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். பயணத்தின்போது போனில் சார்ஜ் இல்லாமல் போவது சாதாரணமாக நடப்பதே.

அன்றே விடுதியைத் தரைவழி எண்ணில் அழைத்து, அந்தப் பதிவு எண் அவர்கள் ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். செயலியில் பதிவான அறையை, கூட்டம் அதிகமானதும், “எங்களுக்குத் தகவல் வரவில்லை” என்று சொல்லிவிடும் லாட்ஜுகள் உண்டு. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பும் ஒருமுறை அழையுங்கள். ரத்து செய்யும் காலக்கெடு முடிவதற்குள் அழைத்தால்தான் மாற்று ஏற்பாடு செய்ய முடியும்.

8. பதிவுக்கும் பயணத்துக்கும் இடையில் வரும் செய்திகள்

‘உங்கள் பதிவு ரத்தாகப் போகிறது, 12 மணி நேரத்துக்குள் கார்டைச் சரிபார்க்கவும்’ என்று இணைப்போடு செய்தி வரலாம். அதில் நம் பெயரும் தேதியும் விடுதியின் பெயரும் சரியாக இருக்கும். விடுதியின் கணக்கையே கைப்பற்றி, செயலியின் உரையாடல் பெட்டிக்குள்ளிருந்தே இப்படி அனுப்பும் மோசடி பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஆகவே விவரம் சரியாக இருப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். இணைப்பைத் தொடாமல், செயலியைத் தனியாகத் திறந்து பதிவின் நிலையைப் பாருங்கள். அங்கே ‘உறுதி’ என்று இருந்தால் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ரீஃபண்ட் தருவதாக அழைத்து, எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற திரைப் பகிர்வுச் செயலிகளை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணம் கட்டிய கணக்குக்கே ரீஃபண்ட் தானாக வரும். அதற்கு நம் திரையை எவரும் பார்க்க வேண்டியதில்லை.

9. விடுதிக்குள் நுழையும்போது

அடையாளச் சான்றாக ஆதாரைத் தருவதானால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை, ஆதார் வழங்கும் ஆணையத்தின் தளத்தில் இறக்கி, அதன் அச்சுப் பிரதியைக் கொண்டு செல்லுங்கள். பிரதியின் மீது விடுதியின் பெயரையும் தேதியையும் குறுக்கே எழுதிக் கொடுத்தால், அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது கடினமாகும். வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே எல்லோருடைய ஆதாரையும் அனுப்பச் சொன்னால், நேரில் தருவதாகச் சொல்லுங்கள்.

அறையைப் பார்த்த பிறகே பாக்கித் தொகையைக் கட்ட வேண்டும். தாழ்ப்பாள், தண்ணீர், விசிறி, படுக்கை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, வவுச்சரில் உள்ள அறை வகைதானா என்று சரிபாருங்கள். வேறு அறை தந்தால் அப்போதே படமெடுத்து, செயலியின் உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தங்கிவிட்டுத் திரும்பிய பிறகு சொன்னால் ஏற்க மாட்டார்கள். கட்டிய தொகைக்குப் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

10. பணம் பறிபோனால் செய்ய வேண்டிய வரிசை

முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கோ காவல் நிலையத்துக்கோ நேரில் போய்வரும் நேரத்தில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். 1930இல் பதிவாகும் புகார் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குச் செல்வதால், எடுக்கப்படாமல் எஞ்சியிருக்கும் தொகையையாவது நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்று உறங்கப் போய்விட்டால் அந்த வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும்.

அழைக்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, உங்கள் வங்கியின் பெயர், யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், பெற்றவரின் யூபிஐ முகவரி, அவர் பேசிய போன் எண். இவற்றை ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமியுங்கள். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அந்த எண்ணை முடக்குவதையும் உரையாடலைச் சேமித்த பிறகு செய்யுங்கள்.

இரண்டாவதாக, வங்கியின் உதவி எண்ணில் புகார் தந்து, புகார் எண்ணைப் பெறுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, நம் பங்கு ஏதுமின்றி மூன்றாம் நபரால் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டு, வங்கி தெரிவித்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் முறையிட்டால் இழப்பு நம்மைச் சேராது. நாமே ஓடிபியைச் சொல்லியிருந்தால், முறையிடும் வரை நேர்ந்த இழப்பு நம்மைச் சேரும். முறையிட்ட பிறகு நேர்வது வங்கியைச் சேரும். ஆகவே தவறு யாருடையது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு வீட்டாரிடம்கூட மறைத்து, இரண்டு நாள் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. தாமதித்த அந்த இரண்டு நாட்களும் மோசடிக்காரருக்குத்தான் உதவியிருக்கும்.

மூன்றாவதாக, ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்தில் சேமித்த படங்களோடு புகாரை முழுமையாகப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள். மோசடி அல்லாமல், உண்மையான விடுதியோ செயலியோ பணத்தைத் திருப்பித் தர மறுத்த விவகாரமாக இருந்தால், 1915க்கு அழைத்துப் புகார் தந்து, அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். லாட்ஜ் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

புகார் பதிவானதும், மோசடி எண் இடம்பெற்றிருந்த மேப் பக்கத்திலும் விளம்பரத்திலும் ‘புகாரளி’ என்ற பகுதியைத் திறந்து தெரிவியுங்கள். போன் எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் பதிவு செய்யுங்கள். அதே நாளில் உண்மையான லாட்ஜையும் அழைத்து, அவர்கள் பெயரில் நடப்பதைச் சொல்லிவிடுங்கள். அடுத்து விசாரிப்பவரை அவர்களே எச்சரிக்க முடியும்.